ஒரு மரக்கால் தவிடு

குழந்தையின் அம்மா யார் என்பதைவிடச் சுலபமான கேள்வி உலகத்தில் இல்லை என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோவில்பட்டி ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்ற சங்கவிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"பாப்பாவோட அம்மா யாருங்க?" மேசைக்குப் பின்னாலிருந்த பெண் இரண்டாம் தடவையாகக் கேட்டாள்.

சங்கவி பக்கத்து வீட்டு சபூராவைப் பார்த்தாள். சபூரா சங்கவியைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில், வீங்கிய முழங்கையைத் துண்டால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்ற ஏழு வயது இளவேனில் இரண்டு பேரையும் பார்த்தாள். மதிலில் நடந்து காட்டுகிறேன் பேர்வழி என்று ஏறி விழுந்த வீராங்கனை அவள்தான். அழுது முடித்து விக்கலுக்கு வந்திருந்தாள்.

"நாந்தான்," என்றாள் சபூரா.

"அப்ப இவங்க?"

"இது அத்தை," என்றாள் இளவேனில், விக்கலுக்கு நடுவே.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். தாய்: சபூரா என்று இருந்தது. பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். சங்கவியின் மூக்கு, சங்கவியின் முகவாய், சங்கவிக்கு நெற்றியில் சுழிக்கிற அதே முடி. திரை ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது. சம்பளம் தருவது திரை என்பதால் அவள் அதையே நம்பி, "மயக்க மருந்து டாக்டரைப் பாருங்க, மூணாம் நம்பர் ரூம்," என்று அனுப்பிவைத்தாள்.

சங்கவிக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. ஏழு வருஷமாகக் குத்துவதுதான். இன்றோடு முடிந்துவிடும் என்ற நினைப்பில் அதைத் தாங்கிக்கொண்டு நடந்தாள்.

இது எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் முதலில் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் உயிர்ச்சங்கிலி. பிளாக்செயின் என்று ஒரு காலத்தில் பணத்துக்குக் கண்டுபிடித்த உபாயத்தை உடம்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவரின் ரத்தச் சோதனை, எடுத்த படம், விழுங்கிய மாத்திரை, அவரைப் பெற்றவளுக்கு இருந்த நோய், எல்லாம் கண்ணி கண்ணியாகக் கோத்து, நாட்டிலுள்ள அத்தனை ஆஸ்பத்திரியிலும் ஒரே மாதிரி நகலாக இருக்கும். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்த காலம் போயிற்று. எழுதியதை யாராலும் அழிக்க முடியாது, மாற்ற முடியாது என்பதுதான் அதன் பெரிய பெருமை. வரம் வாங்கும்போது அதன் மறுபக்கத்தை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

சங்கவிக்கு இளவேனில் மூன்றாவது. முதலாவது பையன், மாசம் நிறையாமல் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். இரண்டாவது பெண். நிறை மாசத்தில், நல்ல எடையோடு பிறந்தவள். அவளும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மூன்றாவது உண்டானபோது பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் பாலன் பயத்தில் பாதி ஆளாகிவிட்டான். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்து பிறப்பதைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். இன்னார் பிள்ளை எங்கே என்று தேடி வருகிற சாவு, இது அவர்கள் பிள்ளை இல்லையே என்று குழம்பித் திரும்பிப் போய்விடுமாம். அடம்பிடிக்கிற பிள்ளையை, "போ, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்," என்று இன்றைக்கும் சீண்டுகிறோமே, அது இதன் மிச்சம்தான்.

சபூராவிடம் நாலு ஆடு இருந்தது, ஆட்டுக்கு வைக்கத் தவிடும் இருந்தது. இளவேனில் பிறந்த அன்றே ஒரு மரக்கால் தவிட்டை ஆஸ்பத்திரி வாசலில் வைத்து சங்கவியிடம் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அத்தோடு விட்டிருந்தால் பழைய வழக்கம். பாலன் அத்தோடு விடவில்லை.

"வாசல்ல வித்தா மட்டும் போதுமா? எமன் இப்பல்லாம் எருமையிலயா வர்றான்? நம்ம சங்கிலியப் பிடிச்சுக்கிட்டே வர்றான். அதுலயும் வித்துருவோம்," என்றான்.

பிள்ளைக்கென்று சங்கிலி திறப்பதற்கு முன்னாலேயே சங்கிலியிலும் விற்றார்கள். பிறந்த உடனே தத்துக் கொடுத்தால் பெற்றவள் பெயரை முத்திரை வைத்து மூடிவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. குழந்தையின் சங்கிலி முன்னோர் யாரும் இல்லாமல், சபூராவின் பெயரோடு புதிதாகத் தொடங்கிவிடும். சபூரா பெருவிரலை வைத்தாள், சங்கவி பெருவிரலை வைத்தாள், முடிந்தது. பிள்ளை வளர்ந்தது என்னவோ சங்கவி மடியில்தான். பால் கொடுத்தது, குளிப்பாட்டியது, காய்ச்சலுக்கு விழித்துக் கிடந்தது எல்லாம் அவள்தான். ஆனால் சாவுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே! அதனால் பிள்ளைக்குப் பேச்சு வந்ததும், சபூராவை அம்மா என்றும் தன்னை அத்தை என்றும் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தாள். பெற்ற வாயாலேயே.

ஒரு வயதில் மீட்டுவிடலாம் என்றார்கள். ஒரு வயது வந்தபோது பயம் வந்தது. இன்னும் ஒரு வருஷம் போகட்டும், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றே ஏழு வயதாகிவிட்டது. இப்போது சபூராவை அவள் மகன் ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டுவிட்டான். அடுத்த வாரம் விமானம். இனி தள்ளிப்போட முடியாது. வெள்ளிக்கிழமை வந்து பேரை மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களை, திங்கட்கிழமையே மதிலிலிருந்து விழுந்து இளவேனில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்றாம் நம்பர் அறையில் டாக்டர் ஹெப்சிபா இருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று பார்த்து மயக்க மருந்து கொடுப்பவள். குழந்தையின் கையைத் தொடாமலே தொட்டுப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "சின்ன ஆபரேஷன்தான். ஒரு கம்பி வைக்கணும், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம். அம்மா கைரேகை வைங்க," என்றாள்.

"வைக்கிறேன் டாக்டரம்மா," என்றாள் சபூரா. "ஆனா அதுக்கு முன்னாடி புள்ளைய இவ பேருக்கே மாத்திக் குடுத்துருங்க. நான் அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். பெத்தவ இவதான்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நர்ஸம்மா வந்து குழந்தையை இன்னொரு எக்ஸ்ரே படம் எடுக்க அழைத்துப் போனதும் சபூரா நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த டாக்டர் தவிடு வந்த இடத்தில் சிரித்துவிட்டாள்.

"எங்கம்மாவும் என்னைத் தவிட்டுக்கு வாங்கினதாத்தான் சொல்லுவாங்க. நெசமா வாங்கின ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். சரி, முத்திரையை எடுத்துரலாம். ரெண்டு பேர் சம்மதமும் வேணும், பெத்தவங்க ரத்தம் ஒரு சொட்டு வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! சங்கவி விரலை நீட்டினாள். ஊசி குத்தியது வலிக்கவே இல்லை. விரல் நுனியில் ரத்தம் சின்ன மணியாகத் திரண்டு நின்றது. இந்தச் சொட்டை மேசைமேல் இருந்த சோதனைக் கருவியில் வைத்தால் போதும், இனி எந்த மேசையிலும் யார் கேட்டாலும் நாந்தான் என்று சொல்லலாம். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"ஒரு நிமிஷம். கை வைக்காதீங்க," என்றாள் டாக்டர்.

சேர்ப்பதற்கு முன்னால், சேர்த்தால் குழந்தையின் சங்கிலியில் என்னென்ன மாறும் என்று திரை ஒரு முன்னோட்டம் காட்டும். டாக்டர் அதைப் படித்தாள். திரையை மேலே தள்ளினாள், கீழே இழுத்தாள், மறுபடி மேலே தள்ளினாள். சிரித்த முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"உங்க மொதப் பையன் எதனால இறந்தான்னு சொன்னாங்க?"

"ஈரல்ல ஏதோ ஒரு சத்து ஊறலன்னாக. என் வழியா வர்ற கோளாறாம். எனக்குப் பொறக்கிற எல்லாத்துக்கும் வருமாம்."

"யாரு சொன்னாங்க?"

"சங்கிலிதான் சொல்லுச்சு."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் சொல்றதைப் பொறுமையாக் கேளுங்க. எனக்கே கொழப்பமாத்தான் இருக்கு. உங்க பையன் ரத்தம்னு சோதனை பண்ணினது உங்க பையன் ரத்தமே இல்ல. பக்கத்துத் தொட்டில் பிள்ளையோடது. மாறிப் போச்சு. நாலஞ்சு நாள் கழிச்சு அவங்களே கண்டுபிடிச்சிருக்காங்க."

"கண்டுபிடிச்சு?"

"சங்கிலியில எதையும் அழிக்க முடியாதுல்ல? அதனால கீழே ஒரு திருத்தம் எழுதியிருக்காங்க. மேலே சொன்னது தப்பு, ரத்த மாதிரி மாறிடுச்சுன்னு. உங்க போனுக்கும் அனுப்பியிருக்காங்க."

அந்த நாட்களில் போனுக்கு என்னென்னவோ வந்தது. துஷ்டி விசாரித்து, ஆறுதல் சொல்லி வந்தவை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை. பால் கட்டிய மாரோடு படுத்துக் கிடந்தவள் எதையும் படிக்கவில்லை. வந்ததற்கெல்லாம் சரி, சரி என்று அமுக்கினாள்.

"அப்ப... எனக்குக் கோளாறு இல்லியா?"

"இல்லம்மா."

"என் வயித்துல?"

"உங்க வயித்துல ஒரு கோளாறும் இல்ல."

சங்கவி சபூராவைத் திரும்பிப் பார்த்தாள், அவள் சொன்னால்தான் நம்புவேன் என்பதுபோல. சபூரா வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தாள். இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா? இளவேனிலுக்குப் பிறகு இனி வேண்டவே வேண்டாம் என்று வயிற்றை மூடிக்கொண்டவள் அவள். வளைகாப்பு வீடுகளுக்குக் கூப்பிட்டாலும் போகாமல், தன் நிழல் விழுந்தாலே ஆகாது என்று ஒதுங்கியிருந்தவள்.

அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"டாக்டர், அப்ப என் மகள்? ரெண்டாவது பொறந்தவ? அவ நல்லாத்தான பொறந்தா?"

டாக்டர் திரையில் அந்தக் குழந்தையின் பதிவைத் திறந்து படித்தாள். "சங்கிலி சில வேலைகளைத் தானாச் செய்யும். குடும்பத்துல இப்படி ஒரு குறி இருந்தா, அடுத்த குழந்தை பொறந்ததுமே தடுப்பு மருந்தை ஏத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு உத்தரவு போயிரும். அந்த விதி குறியை மட்டும்தான் படிக்கும். கீழே எழுதின திருத்தத்தைப் படிக்காது. படிக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

"ஏத்தினாகளா?"

"ஏத்தியிருக்காங்க. தேவையே இல்லாத பிள்ளைக்கு. ரொம்ப வீரியமான மருந்து."

"அதனாலதான் செத்துச்சா?"

"எனக்குத் தெரியாதும்மா. அதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அந்த மருந்து அவளுக்குத் தேவையில்லன்னு மட்டும் சத்தியம் பண்ணுவேன்."

யார் மேல் கோபப்படுவது? ரத்தத்தை மாற்றி வைத்தவர் மேலா? அவர்தான் தப்பைத் திருத்தியும் எழுதிவிட்டாரே. மருந்து ஏற்றிய நர்ஸ் மேலா? அவர் உத்தரவைச் செய்தார். சங்கிலி மேலா? அது சொல்லிக் கொடுத்ததைச் செய்தது. படிக்காமல் அமுக்கிய தன் விரல் மேலா? எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு ஆளும் நிற்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். இங்கே பூதத்துக்கு ஒரு முகம்கூட இல்லை.

"அப்ப இது மட்டும் எப்படிப் பொழச்சது?" என்று கேட்டாள் சபூரா. கேட்டவளுக்கே பதில் தெரிந்துபோய், "அல்லாவே," என்று சுவரில் சாய்ந்தாள்.

"ஆமா," என்றாள் டாக்டர். "நீங்க வாங்கிட்டீங்க. இன்னார் பிள்ளைன்னு சங்கிலிக்குத் தெரியல. அதனால மருந்து வரல."

சங்கவி பாலனுக்கு போன் போட்டாள். திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு எடுத்தான். அவள் முன்னும் பின்னுமாக உளறியதைப் புரிந்துகொள்ளவே அவனுக்கு நேரம் பிடித்தது. பின்னால் பஸ் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"நான் அன்னிக்கு என்ன தெரிஞ்சா சொன்னேன் சங்கவி? பயத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன்," என்றான். பிறகு, "ஒனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய். நான் கெளம்பி வர்றேன்," என்று போனை வைத்துவிட்டான்.

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். "சேர்த்தீங்கன்னா அந்தக் குறி அப்படியே பாப்பா மேல விழும். இன்னிக்கு மயக்கம் குடுக்கிறதுக்கு முன்னாடியே மருந்து ஏத்தச் சொல்லும். இங்க நான் இருக்கேன், நிறுத்திருவேன். நாளைக்கு வேற ஊர்ல, நான் இல்லாத எடத்துல, இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தா? இவ பிள்ளை பெத்தா, அந்தப் பிள்ளைக்கு?"

"குறியை எடுக்க முடியாதா?"

"எடுக்க முடியாது. திருத்தத்தையும் சேர்த்துப் படிக்கிற மாதிரி விதியை மாத்தணும். அதுக்கு ஒரு குழு இருக்கு. நான் எழுதப் போறேன், விடமாட்டேன். இப்படி இன்னும் எத்தனை வீட்டுல இருக்கோ! ஆனா எப்ப மாறும்னு எனக்குத் தெரியாது."

"சேக்கலன்னா?"

"இவங்க ஷார்ஜாவுக்குப் போயிட்டா பாப்பாவுக்கு இங்க யாருமே இல்ல. கையெழுத்துப் போட ஆள் கெடையாது."

சங்கவியின் விரல் நுனியில் அந்தச் சொட்டு ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இன்னொரு வழி இருக்கு. சொல்லவே எனக்கு நாக்குக் கூசுது. நீங்களே இவளைத் தத்தெடுத்துக்கலாம்."

"என் புள்ளையவா?"

"சட்டப்படி நீங்க அம்மா ஆயிருவீங்க. கையெழுத்து, பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும். ஆனா அதுல ஒரு கேள்வி கேக்கும். ரத்த உறவு உண்டா, இல்லையான்னு. உண்டுன்னு போட்டா ரத்தத்தைச் சோதிச்சு, பழைய மாதிரி சேர்த்துரும். இல்லைன்னு போட்டாச் சோதிக்காது. சாட்சி நான் போடணும்."

"பொய்ச் சாட்சி," என்றாள் சபூரா மெதுவாக.

"பொய்ச் சாட்சிதான். இருபது வருஷத்துல போட்டதில்ல." டாக்டர் சங்கவியை நேராகப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுக்கங்க. ஒருதடவை போட்டா அழிக்க முடியாது. நாளைக்கு விதி மாறினாக்கூட இது நிக்கும். உங்க பேத்தி, அவளோட பேத்தி, யார் திருப்பிப் பார்த்தாலும் நீங்க அவங்களுக்கு ரத்தம் இல்ல."

ஏழு வருஷமாக இந்த ஒரு நாளுக்காகத்தானே காத்திருந்தாள்? ஆயிரம் தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்தது, 'நாந்தான் பெத்தேன்' என்று ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதைத்தானே? இப்போது அதே இடத்தில், அதே விரலால், நான் பெறவில்லை என்று எழுதச் சொல்கிறார்கள். இது என்ன நியாயம் என்று அவளுக்கு விளங்கவில்லை. வெளியே தாழ்வாரத்தில் இளவேனில் நர்ஸம்மாவிடம் மதில் எவ்வளவு உயரம் என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தது கேட்டது. விழுந்தது இடுப்புயர மதில். சொன்னது பனைமர உயரம்.

அந்தக் குரலைக் கேட்டதும் சங்கவிக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. "எங்க போடணும்?" என்று கேட்டாள்.

டாக்டர் திரையைத் திருப்பி வைத்தாள். ரத்த உறவு என்று எழுதி, கீழே இரண்டு கட்டம். சங்கவி 'இல்லை' என்பதன் மேல் விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தபோது திரையில் சிவப்பாகத் தீற்றிவிட்டது. டாக்டர் பஞ்சை எடுத்து அதைத் துடைத்துவிட்டு, தன் விரலையும் வைத்தாள்.

சபூரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைசியாகத் தன் விரலை வைத்தாள். "எனக்கு ஒரு மரக்கால் தவிடு வரணும், தெரியும்ல?" என்றாள்.

"ஷார்ஜாவுல எந்த ஆட்டுக்கு வைக்கப் போறீக?" என்றாள் சங்கவி. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

சாயங்காலம் தள்ளுவண்டியில் படுக்கவைத்து இளவேனிலை ஆபரேஷன் அறைக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னாலேயே ஒரு ஊசி போட்டிருந்ததால் கண் பாதி செருகியிருந்தது.

"அத்தே, அம்மா பிளேன்ல போயிட்டா எனக்கு யாரு அம்மா?"

"நாந்தான். உன்னைய நான் வாங்கிட்டேன்."

"எதுக்கு வாங்குன?"

"தவிட்டுக்கு."

"பொய்," என்றாள் இளவேனில். தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிற பொய்தானே அது.

"பொய்யில்ல. வேணும்னா டாக்டரைக் கேளு. எழுதியே வச்சுட்டாக."

பச்சை உடுப்பில் நின்ற டாக்டர் ஹெப்சிபா, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். இளவேனில் அதை யோசித்துப் பார்த்தாள். இனிமேல் அத்தையை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதும் அந்த யோசனையில் இருந்திருக்க வேண்டும். வண்டி கதவைத் தாண்டும்போது தூக்கத்தில் இழுத்த குரலில், "அம்மா," என்றாள்.

சங்கவி பழக்கத்தில் சபூராவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைய ஏன் பாக்குற?" என்றாள் சபூரா. "ஒன்னையத்தான் கூப்புடுது."